மூன்று மாதம், மூன்று தாள்: எந்தப் பயிற்சியை எடுப்பது?

அக்காள் மகள் ஓவிய டிப்ளோமாவில் முதல் ஆண்டை முடித்துவிட்டு, சுங்கைப்பட்டாணியிலிருந்து ஒரு துணிப்பையும் இரண்டு வெற்றுக் கேன்வாஸுமாக பினாங்கு ஆயர் ஈத்தாமில் என் வீட்டுக்கு வந்து இறங்கினாள். அடுத்த வகுப்பு தொடங்க மூன்று மாதம் இருக்கிறது. பகலில் ஜார்ஜ் டவுனில் ஒரு துணிக்கடையில் தற்காலிக வேலை. படம் போட மாலையில் இரண்டு மணி நேரம் கிடைக்கும், அப்புறம் சனிக்கிழமை காலை. அவ்வளவுதான்.

"சித்தி, இந்த மூணு மாசத்துல உருப்படியா ஏதாவது பண்ணணும். பெரிய ஆளுங்க படத்தைப் பார்த்துப் போடவா, வெளியில உட்கார்ந்து வரையவா, இல்ல பெருசா நாலு படம் முடிச்சு போர்ட்ஃபோலியோவுல வைக்கவா?"

நான் இடைநிலைப்பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். இதே கேள்வியைப் பல பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். இந்த முறை வீட்டிலேயே ஆள் இருக்கிறாள், தப்பாகச் சொன்னால் தினமும் முகத்தைப் பார்க்க வேண்டும். அதனால் கொஞ்சம் யோசித்தேன்.

பெரிய படங்களை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். என் இருபதுகளில் ஓராண்டு முழுவதும் மூன்றடிக்கு நான்கடி கேன்வாஸில் எண்ணெய் வண்ணத்தில் படம் போட்டேன். மொத்தம் நான்கு. எதை எங்கே வைப்பது என்று அந்த ஆண்டில் நான் யோசித்தது நான்கே முறை. மீதி மாதங்களெல்லாம் இலை நிரப்புவதிலும் வானம் நிரப்புவதிலும் போயின. கேன்வாஸுக்குக் கொட்டிய காசை நினைத்து, தப்பாகிப் போன இடத்தைச் சுரண்டவும் மனம் வரவில்லை. நான்கில் ஒன்று பின்னாளில் பூஞ்சை பிடித்து, அலமாரிக்குப் பின்னால் கிடக்கிறது. முடித்த படம் வேண்டும் என்று கல்லூரியில் சொல்வதும் நியாயம்தான். ஆனால் அதை வகுப்பு தொடங்கிய பிறகு, சொல்லித் தர ஆள் பக்கத்தில் இருக்கும்போது செய்யலாம்.

கைப்பேசியில் எடுத்த போட்டோவைப் பார்த்து வரைவதும் வேண்டாம் என்றேன். போட்டோ பாவம் என்பதற்காக இல்லை. மலேசிய ஓவியத்தின் தந்தை என்று சொல்லப்படும் யோங் முன் சென்னே இதே பினாங்கில் போட்டோ ஸ்டுடியோ நடத்தியவர். ஆனால் எது முக்கியம், எதை விடலாம் என்ற தேர்வில் பாதியைக் கேமரா நமக்கு முன்பே செய்துவிடுகிறது. நிழலைக் கறுப்பாக அடைத்துவிடும், வெயில் பட்ட சுவரை வெள்ளையாக வெளுத்துவிடும். அதையே பார்த்துப் பழகியவர்களுக்கு நிழலுக்குள் நிறம் இருக்கிறது என்பதே தெரியாமல் போகும். மழை நாளுக்கு வைத்துக்கொள்ளட்டும்.

ஆக மிஞ்சியவை மூன்று: பெரியவர்களின் படத்தைப் பார்த்துப் போடுவது, வெளியே போய் நேரில் பார்த்து வரைவது, ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப வரைவது. மூன்றாவதை அவள் கேட்கவே இல்லை. யாருமே கேட்பதில்லை.

பார்த்துப் போடுவது

இதைக் கேவலமாக நினைக்கிறவர்களுக்கு வான் கோவின் கதையைச் சொல்வேன். 1860களின் பின்பாதியில் சார்ல்ஸ் பார்க் என்பவர், ஜெரோம் என்ற ஓவியரோடு சேர்ந்து பிரான்சில் ஒரு வரைபடப் பயிற்சித் தொகுப்பை வெளியிட ஆரம்பித்தார். ஓவியனாவது என்று 1880-இல் முடிவெடுத்த வான் கோ, அந்தத் தாள்களை ஒன்றுவிடாமல் வரைந்து பார்த்தார். பத்தாண்டு கழித்து சேன்-ரெமி மருத்துவமனையில் இருந்தபோதும் மில்லே என்ற பிரெஞ்சு ஓவியரின் படங்களைப் பார்த்து இருபதுக்கும் மேல் வரைந்தார். அப்போது அவர் கையில் இருந்தவை கறுப்பு வெள்ளை அச்சுப் பிரதிகள். நிறம் முழுவதும் அவருடையது. ஆரம்பத்தில் கைக்காகச் செய்ததை, கடைசியில் நிறத்தைத் தேடுவதற்காகச் செய்திருக்கிறார். பார்த்துப் போடுவதில் இப்படி இரண்டு வகை உண்டு. பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதாக ஒன்றைச் செய்கிறார்கள்: அப்பா அம்மாவிடம் காட்டி "அப்படியே இருக்கு" என்று சொல்ல வைப்பது.

உருப்படியாகச் செய்ய வேண்டுமானால் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். யோங் முன் சென்னின் நீர்வண்ணப் படம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அஞ்சலட்டை அளவில், வெள்ளை, சாம்பல், கறுப்பு என மூன்றே டோனில், அதாவது மூன்றே இருட்டு வெளிச்ச அளவில், போட்டுப் பார்க்கலாம். தென்னையும் படகும் மறைந்து, இருட்டையும் வெளிச்சத்தையும் அவர் எப்படிப் பங்கு போட்டார் என்பது மட்டும் நிற்கும். பினாங்கில் வளர்ந்து, சென்னை அரசு ஓவியக் கல்லூரியில் 1967 முதல் 1974 வரை படித்துத் திரும்பிய சையத் தாஜுதீனின் பெண்ணுருவங்களில் கழுத்தும் கையும் வளையும் கோட்டை மட்டும் பிடிக்கலாம். அந்த நெளிவுக்குப் பின்னால் அஜந்தா இருப்பது, பத்து முறை கையால் இழுத்துப் பார்த்தால் புரிந்துவிடும். முகமும் நிறமும் தேவையே இல்லை.

இதில் பெரிய இடைஞ்சல், அசல் படம் கண்முன் இல்லாததுதான். கைப்பேசித் திரையில் நிறத்துக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் அடிக்கிறது. தாளில் அந்தப் பளபளப்பு ஒருநாளும் வராது. படம் ஒரு முழம் அகலமா, ஒரு ஆள் உயரமா என்பதும் திரையில் தெரியாது. கோலாலம்பூருக்குப் போகிற வேலை இருந்தால், ஜாலான் தெமெர்லோவில் உள்ள தேசியக் கலைக்கூடத்தில் அரை நாள் நின்றுவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். 1958-இல் தொடங்கிய கலைக்கூடம் அது. பட்டர்வொர்த்திலிருந்து ரயில் இருக்கிறது. ஒரு படத்தின் முன்னால் பத்து நிமிடம் நின்று பென்சிலில் கிறுக்கியதை, வீட்டில் திரையைப் பார்த்துப் போட்ட பத்துப் படத்துக்குச் சமமாக எடுத்துக்கொள்வேன்.

இந்தப் பயிற்சியால் கை பழகும். ஆனால் எதை வரைவது என்ற கேள்வியை வேறொருவர் ஏற்கெனவே தீர்த்து வைத்துவிட்டார். மூன்று மாதமும் இதையே செய்தால், கை தேறியிருக்கும், சொல்ல எதுவும் இருக்காது.

வெளியே

பினாங்கில் இருந்துகொண்டு வெளியே வரையப் போகாமல் இருப்பது, கடற்கரையில் வீடு கட்டி ஜன்னல் வைக்காத மாதிரி. ஜார்ஜ் டவுனை யுனெஸ்கோ 2008-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ப்பதற்கு எத்தனையோ ஆண்டு முன்பே யோங் முன் சென்னும் அப்துல்லா அரிஃபும் இந்தத் தீவை நீர்வண்ணத்தில் போட்டுத் தீர்த்தார்கள். அப்துல்லா அரிஃபும் என்னைப் போல ஓவிய வாத்தியார்தான். இங்கே ஆயர் ஈத்தாமில் அவர் பேரிலேயே சாலை இருக்கிறது. அதில் தினமும் நெரிசலில் மாட்டிக்கொள்பவர்களில் எத்தனை பேருக்கு அவர் யாரென்று தெரியும் என்பது வேறு கதை.

போவதற்கு முன் வெயிலைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1982 தொடக்கத்தில் நம் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்ததிலிருந்து, இங்கே உச்சிப்பொழுது பகல் ஒரு மணி தாண்டித்தான் வருகிறது. நில நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் சாய்ந்து சாய்ந்து வராமல் கிட்டத்தட்ட நேராக மேலே ஏறும். காலை 9 மணிக்கு நம் உயரத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு நீளும் நிழல், 11 மணிக்கு நம் உயரத்துக்கும் குறைந்துவிடும். ஐரோப்பாக்காரர் எழுதிய புத்தகத்தைப் படித்துவிட்டு, மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஒரே படம் போட நினைத்தால், வரைய ஆரம்பித்த தெரு ஒன்றாகவும் முடிக்கும் தெரு வேறொன்றாகவும் இருக்கும். இங்கே ஒரு படத்துக்கு 25 நிமிடம். அதற்கு மேல் போனால் மூட்டை கட்டிவிட வேண்டும், அல்லது புதுத் தாள் எடுக்க வேண்டும்.

இடத்துக்குப் பஞ்சமில்லை. எனக்குப் பிடித்தது அஞ்சடி, அதாவது கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை. கடைவீடுகளின் அஞ்சடியில் தூணுக்குப் பக்கத்தில் சின்ன முக்காலி போட்டு உட்கார்ந்தால், நாம் நிழலில், எதிரே வெயில், நடுவே தூண்கள் வரிசையாக இருட்டும் வெளிச்சமும் பிரித்துத் தரும். பாதி அமைப்பு வேலை தானாக முடிந்துவிடும். கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்கார வேண்டும். கேட்டால் யாரும் வேண்டாம் என்பதில்லை. பூக்கடை அக்கா "எனக்கும் ஒண்ணு போட்டுக் குடும்மா" என்பார், அதையும் சமாளிக்க வேண்டும். பொட்டானிக்கல் கார்டனில் நாகலிங்க மரங்கள் இருக்கின்றன. அடிமரத்திலேயே பூவும் பீரங்கிக் குண்டு மாதிரி காயும் தொங்கும் மரத்தை வரைந்தால், மரம் என்றால் கீழே குச்சி, மேலே பந்து என்று பிள்ளைகள் மனதில் பதிந்த உருவம் உடையும். பையைக் குரங்கு தூக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கடலுக்குள் மரக்கால்கள் மேல் வீடுகள் நிற்கும் சியூ ஜெட்டியில் அந்தக் கால்களும் தண்ணீரும் அருமை, ஆனால் சனிக்கிழமை பயணிகள் தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பார்கள். கூச்ச சுபாவமுள்ளவர்கள் காலை எட்டரைக்குள் போய்விடுவது நல்லது.

குயின் ஸ்ட்ரீட் மகாமாரியம்மன் கோயில் கோபுரத்தை மட்டும் இப்போதைக்கு விடு என்றேன். 1833-இல் எழுந்த கோயில், நம்ம கோயில், கை துறுதுறுக்கத்தான் செய்யும். அவள் கேட்கவில்லை, முதல் சனிக்கிழமையே போனாள். ஒன்றரை மணி நேரம் பொம்மைகளை எண்ணிவிட்டு வந்தாள். மூன்றாவது அடுக்கில் தாளே முடிந்துவிட்டது.

எந்த வண்ணம் எடுத்துப் போவது என்பதற்கு ஊரின் ஈரக்காற்று பதில் சொல்லிவிடும். நீர்வண்ணம் இங்கே காயச் சோம்பல்படும். முதல் பூச்சு காயும் முன்னே இரண்டாவதை வைத்தால் இரண்டும் கலந்து சேறாகும். ஆனால் அந்தச் சோம்பலே சில நேரம் வரம்: ஈரத்தின் மேல் ஈரம் வைத்து மேகம் போட இதைவிட நல்ல ஊர் கிடையாது. அக்ரிலிக் வெயிலில் பேலட்டிலேயே தோலாகிவிடும். அடிக்கடி தண்ணீர் தெளிக்க வேண்டும். எண்ணெய் வண்ணம் காற்றோடு சேர்ந்து இறுகுகிற சாமான், நாள் கணக்கில் ஈரமாகவே இருக்கும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டமான பேருந்தில் ஏறினால் பக்கத்தில் நிற்பவரின் சட்டையும் கேன்வாஸ்தான். நான் குவாஷ், அதாவது அடி தெரியாமல் மூடும் கெட்டி நீர்வண்ணம், எடுத்துப் போகச் சொன்னேன். சீக்கிரம் காயும், தப்பானால் மேலே பூசலாம். இன்னொன்று, வாங்கிய நீர்வண்ணத் தாளைப் பிளாஸ்டிக் பையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்க வேண்டும். ஈரமும் பூஞ்சையும் தாளின் பசையைத் தின்றுவிட்டால், வண்ணம் வைத்த இடமெல்லாம் மையொற்றும் தாள் போலத் திட்டுத் திட்டாக உறிஞ்சும். அதைப் பார்த்துவிட்டு "எனக்கு வாட்டர்கலர் வராது டீச்சர்" என்று அழுத பிள்ளைகளை எனக்குத் தெரியும். தப்பு தாளில் இருந்தது.

வெளியே போவதால் கண் திறக்கும். அதில் ஐயமில்லை. ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் புது இடம், புதுக் குதூகலம். போன வாரம் எங்கே சறுக்கினோம் என்பதை இந்த வாரத்து இடம் மறக்கடித்துவிடும். பத்து ஊர் பார்த்த களைப்பும் பத்துப் படமும் கையில் இருக்கும், ஒன்றுக்கொன்று பேச்சு வார்த்தை இருக்காது.

ஒரே பொருள்

இதைச் சொன்னபோது அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "ஒரே சாமானையா சித்தி? பத்து தடவையா?" பத்தில்லை, பதினைந்து என்றேன்.

பிரெஞ்சு ஓவியர் மோனே வைக்கோல் போர்களை 1890, 91-இல் இருபத்தைந்து கேன்வாஸ் போல வரைந்தார். வெளிச்சம் மாற மாற ஒரு கேன்வாஸை வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பாராம். அது அவர் ஐம்பதில் செய்தது. முதலாண்டு மாணவிக்கு அந்தப் பொறுமை வருமா என்று எனக்கும் சந்தேகம்தான். ஆனால் தாள் சின்னது, பொருள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, பேருந்துச் செலவு இல்லை. மாலை இரண்டு மணி நேரத்தில் முழுதாக இரண்டு மணி நேரமும் படத்துக்கே கிடைக்கும்.

பொருளை அவளே எடுத்தாள். கடையில் கட்டிக் கொடுத்த தே ஓ ஐஸ், பால் சேர்க்காத ஐஸ் தேநீர். கயிறு கட்டிய பிளாஸ்டிக் பையை வீட்டுக்கு வந்ததும் ஜன்னல் கம்பியில் மாட்டுவாள், அது பழக்கம். மாலை வெயில் பைக்குள் நுழைந்து தேநீரைக் கண்ணாடிக் கல் போல ஆக்கும். நான் குத்துவிளக்கோ மண்சட்டியோ எடுப்பாள் என்று நினைத்திருந்தேன். நல்லவேளை, வாயைத் திறக்கவில்லை.

முதல் ஐந்தும் ஒரே மாதிரி. பையின் சுருக்கத்தைக் கோடு கோடாக எண்ணியிருந்தாள், கோபுரத்தில் பொம்மை எண்ணியது போல. ஆறாவது நாள் "போர் அடிக்குது" என்று சீக்கிரம் எழுந்துவிட்டாள். ஏழாவது நாள் பையையே வரையவில்லை. பையைத் தாண்டி வந்த வெளிச்சம் பக்கத்துச் சுவரில் தேன் நிறத்தில் ஒரு திட்டாக விழுந்து ஆடிக்கொண்டிருந்தது, அதை மட்டும் போட்டாள். பை படத்துக்கு வெளியே எங்கோ இருக்கிறது. நல்ல படமா என்றால் இல்லை. திட்டின் ஓரம் கெட்டியாகிவிட்டது, சுவர் அழுக்குச் சாம்பல். ஆனால் அவளிடமிருந்து வந்த முதல் யோசனை அது. சுருக்கங்களை எண்ணி அலுத்துப்போன பிறகுதான் அது வந்தது. அதன் பிறகு எட்டாவதில் ஐஸ் கரைந்து தேநீர் மேலே வெளுத்து, கீழே கறுத்து நின்றதைப் பார்த்தாள். முதல் நாளிலிருந்தே அப்படித்தான் கரைந்தது. அவள் கண்ணில் பட எட்டு நாளாகியிருக்கிறது.

ஒரு நிபந்தனை வைத்திருந்தேன். தாளின் பின்பக்கம் தேதி, நேரம், வானம் எப்படி, இன்று எதைப் பார்க்கிறேன் என்று ஒரு வரி. இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1821, 22-இல் லண்டன் ஹாம்ப்ஸ்டெட்டில் மேகங்களை மட்டும் வரைந்துகொண்டிருந்த ஆங்கிலேய ஓவியர் கான்ஸ்டபிள், தாளின் பின்னால் நாள், நேரம், காற்று எந்தப் பக்கம் என்று குறித்து வைத்தார். அவளுடைய முதல் ஐந்து தாளின் பின்னால் "தே ஓ பை" என்றுதான் இருந்தது. ஏழாவதில் "வெளிச்சம் சுவரைத் தொடும் இடம் ஏன் மஞ்சள் இல்லை?" என்றிருந்தது. அப்போதுதான் அதைப் பயிற்சிப் படம் என்று ஒப்புக்கொண்டேன். கேள்வி இல்லாமல் போட்ட தாளைக் குட்டிப் படம் என்றுதான் சொல்வேன்.

இதிலும் குறை இருக்கிறது. அடிப்படைக் கை இல்லாதவர்கள் ஒரே பொருளைப் பதினைந்து முறை வரைந்தால் ஒரே தப்பைப் பதினைந்து முறை பழகுவார்கள். அவர்களுக்கு முதலில் பார்த்துப் போடுவதுதான் நல்லது. ஏழாவது தாளுக்கு முன் விட்டுவிடுகிறவர்களுக்கோ இதனால் எந்தப் பயனும் கிடையாது.

எப்படி முடிவெடுத்தோம்

கடைசியாகப் போட்ட பத்துப் படத்தைத் தரையில் பரப்பச் சொன்னேன். பாயை மடித்து வைத்துவிட்டுக் கூடத்தில் பரப்பினாள். தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தோம். எல்லாப் படமும் ஒரே சாம்பலாகக் கலங்கித் தெரிந்தால் டோன் கைக்கு வரவில்லை, பார்த்துப் போடும் பயிற்சி வேண்டும். எல்லாம் அச்சடித்தது போல விறைத்துக் கிடந்தால் வெளியே துரத்த வேண்டும். அவளுடையவை இரண்டும் இல்லை. டோன் சரி, கையும் ஓடுகிறது. ஆனால் பத்துப் படமும் பத்துப் பேர் போட்டது போல இருந்தன. ஒன்றில் கடல், ஒன்றில் பாட்டி, ஒன்றில் ஏதோ ஜப்பான் கார்ட்டூன் பெண். இவளுக்குக் குறை கண்ணிலும் இல்லை, கையிலும் இல்லை. எதிலும் நிற்காமல் ஓடுகிறாள். அதனால் மூன்றாவது.

கணக்கும் எளிது. முழு அளவு நீர்வண்ணத் தாள் 56க்கு 76 சென்டிமீட்டர். சதுர மீட்டருக்கு 300 கிராம் கனத்தில் வாங்கினால் ஓரளவு சுருளாது. அதைப் பதினாறாக வெட்டினால் 14க்கு 19 அளவில் துண்டுகள். வாரம் மூன்று மாலை ஒரே பொருள், சனிக்கிழமை வெளியே ஒன்று, ஆக வாரத்துக்கு நான்கு துண்டு. பன்னிரண்டு வாரத்துக்கு 48, அதாவது மூன்றே தாள். பார்த்துப் போடுவதற்கு நாள் ஒதுக்கவில்லை. எங்கேயாவது மாட்டிக்கொண்டால் மட்டும், அதே சிக்கலைப் பெரியவர் ஒருவர் எப்படித் தீர்த்தார் என்று தேடி, அந்த ஒரு மூலையை மட்டும் போட்டுப் பார்க்க வேண்டும். அதற்குக் கணக்குப் புத்தகத்தின் பின்பக்கமே போதும்.

இது எழுதும்போது ஐந்தாவது வாரம். தே ஓ பை பதினான்கில் நிற்கிறது. கோபுரத்துக்கும் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள்: கோபுரத்தை விட்டுவிட்டு, காலை எட்டே முக்காலுக்கு அதன் நிழல் எதிர்க் கடைச் சுவரில் விழுமா என்று பார்க்க வரும் சனிக்கிழமை போகிறாளாம். அந்தப் பக்கம் நிழல் விழாது என்று நினைக்கிறேன். சொல்லவில்லை.

அந்த இரண்டு கேன்வாஸும் இன்னும் பிரிக்காமல் அலமாரிக்குப் பக்கத்தில்தான் சாய்ந்திருக்கின்றன.